பத்தாவது அங்குலம்

இல்லை அக்கா, எனக்குக் கச்சான் வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ. உந்த யன்னலை மட்டும் சாத்தச் சொல்லாதேங்கோ. சாரல் என்ர பக்கம்தானே அடிக்குது, நான் நனைஞ்சாப் பரவாயில்லை. தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு பாத்துக்கொண்டு வாறன். முறிகண்டியில பஸ் நிப்பாட்டேக்க றோட்டோரக் கானில அரைவாசிதான். இப்ப பாருங்கோ, முட்டிப்போச்சு.

ஓம், வவுனியாவிலதான் விசாரணை. பத்து மணிக்கு. நான் குற்றவாளி இல்லை அக்கா, அப்பிடித் தள்ளி இருக்காதேங்கோ. நான் சாட்சி. அதுவும் கொம்பியூட்டர் விசயத்தை விளங்கப்படுத்துற சாட்சி. குற்றம் சாட்டியிருக்கிறது நடராசா அண்ணையில. முதிரையடிக்குளத்தில, நிறைஞ்ச தண்ணியைத் திறந்துவிடுற வான்கதவு பாக்கிறவர். பதினெட்டு வரியம் அந்தக் கதவடியில நிண்ட மனுசன். போன மாசம் கதவு நேரத்துக்கு முந்தித் திறந்து ஒரு ஆளைத் தண்ணி கொண்டு போட்டுது. அவர் இலக்கத்தைப் பிழையா அடிச்சதாலதான் எண்டு சொல்லுகினம். இண்டைக்கு அது முடிவானா வேலை போகும், பென்சன் போகும், பிறகு பொலிஸ் வழக்கு. அம்பத்தாறு வயசு அவருக்கு.

நானோ? நான் அனோஜன். உருத்திரபுரம். கிளிநொச்சி ரவுணில ஒரு சின்ன அறை எடுத்துப் புறோகிறாம் எழுதிறன். எழுதிறன் எண்டு சொன்னாலும் எங்கட சனம் கேக்கிறது, தம்பி பிறிண்டர் திருத்துவியோ, போனுக்கு ஸ்கிறீன் மாத்துவியோ எண்டுதான். நீங்களும் இப்ப அதைத்தான் கேக்க வந்தனியள், முகத்தில தெரியுது. பரவாயில்லை, பழகிப்போச்சு.

அந்தக் குளத்துக்கு அஞ்சு வரியத்துக்கு முன்னம் ஒரு திட்டம் வந்தது. நாலு வான்கதவுக்கும் மோட்டர் பூட்டி, தண்ணி மட்டத்தைத் தானா அளக்கிற கருவி வைச்சு, கதவடிக் கொட்டிலுக்க ஒரு கொம்பியூட்டரும் வைச்சவை. நல்ல வேலைதான், குறை சொல்லேலாது. திட்டத்துக்கு வந்தவை ரெண்டு வரியம் நிண்டு, படமெடுத்து, பதாகை கட்டி, வெளிக்கிட்டிட்டினம். விட்டிட்டுப் போனது ஒரு பைல். கொன்பிக் பைல் எண்டு சொல்லுறது. பெரிய விசயமில்லை அக்கா, மெசின் எப்ப என்ன செய்யோணும் எண்டு எழுதி வைக்கிற ஒரு எழுத்துப் பைல். தண்ணி இந்த அளவுக்கு வந்தாக் கதவைத் திற. அதுக்கு ரெண்டு அங்குலம் கிட்ட வரேக்க சைரன் அடி. அப்பிடி ஒரு நூற்றம்பது வரி. ஆனா அது தமிழும் இல்லை, சரியான இங்கிலீசும் இல்லை. அந்த மெசினுக்கெண்டே உண்டாக்கின ஒரு தனிப் பாசை.

இனி அளவை மாத்தோணுமெண்டா நடராசா அண்ணைதான் அந்தப் பைலைத் திறந்து மாத்தோணும். அவரை நினைச்சுப் பாருங்கோ. மூக்குக் கண்ணாடி, கறுப்பு வெள்ளையில நூற்றம்பது வரி, எல்லாம் எறும்பு ஊருற மாதிரி. ஒரு அடைப்புக்குறி விடுபட்டா மெசின் முழுப் பைலையும் தள்ளிப்போடும். மனுசன் ஸ்கிறீனில விரலை வைச்சு அடைப்புக்குறி எண்ணுவார். ஒருக்கா வெள்ளத்துக்க அப்பிடித் தள்ளிப்போட்டு, கதவைக் கையால சுத்தித் திறந்தவராம், ரெண்டு மணித்தியாலம்.

அதுக்குப் பிறகுதான் நீர்ப்பாசன ஒபிசில இருந்து என்னட்டை வந்தவை. நான் என்ன செய்தனான் தெரியுமே? பைலைத் திறந்து எழுதிற எடிட்டர் ஒண்டு இருக்கெல்லோ, அந்த எடிட்டருக்கு இந்தப் பாசையைப் படிப்பிச்சனான். ஓம், படிப்பிக்கிறதுதான். இது கதவின்ர பேர், நீலத்தில காட்டு. இது அளவு, பச்சையில காட்டு. அடைப்புக்குறி குறைஞ்சா அந்த இடத்திலயே சிவப்புக் கோடு போடு. எந்தச் சொல்லில மவுசைக் கொண்டுபோய் வைச்சாலும் அது என்னத்துக்கு எண்டு தமிழில சின்னதா ஒரு விளக்கம் வரும். பாதிச் சொல்லை அடிக்க மிச்சத்தை அதுவே தரும். சேவ் பண்ணினவுடன எல்லா வரியையும் தானா நேராக்கி, தேவையில்லாத இடைவெளி, புள்ளிக்குப் பிறகு கடைசியில சும்மா நிக்கிற சைபர், எல்லாத்தையும் துடைச்சுத் துப்பரவாக்கி வைக்கும். மூண்டு மாச வேலை. ஒருத்தரின்ர உதவியும் இல்லாமல் செய்தனான்.

முதல் நாள் அவருக்குப் பூட்டிக் குடுத்தவுடன, மனுசன் ஒரு அளவை அடிச்சுப் பாத்தார். பிறகு சொன்னார், தம்பி, இது இப்பதான் என்னோட கதைக்குது எண்டு. அடுத்த கிழமை ஒரு முட்டி தயிர் கொண்டந்து தந்தார். எனக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை அக்கா. என்ர அப்பா கூடச் சொன்னதில்லை.

மாங்குளம் வந்திட்டுது. கண்டக்டர் போனில என்ன சொல்லுறார்? முல்லைத்தீவு றோட்டைப் பூட்டிட்டினமோ? ம். இன்னும் மூண்டு நாளைக்கு இப்பிடித்தான் எண்டு காலமைச் செய்தியில சொன்னவை.

பிழை எங்க நடந்தது எண்டு கேக்கிறியள். கேளுங்கோ, எல்லாரும் கேக்கோணும். நீங்கள் வயல்காரர் எண்டா இது உங்களுக்குத் தெரியும். இஞ்ச குளத்தை மீற்றரில ஒருத்தரும் கதைக்கிறேல்ல. அடி, அங்குலம்தான். முப்பத்தொரு அடி ஆறு அங்குலம் எண்டா முப்பத்தொண்டு போட்டு ஒரு புள்ளி வைச்சு ஆறு போடுவம். குளத்துக் கொட்டிலில எழுதித் தூக்கிற பலகையிலயும் அப்பிடித்தான், பதிவுக் கொப்பியிலயும் அப்பிடித்தான். திட்டத்துக்கு வந்தவை மீற்றரில போடத்தான் பாத்தவை. வயல் செய்யிற கமக்காரர் விடேல்ல. அப்ப அவையளும் சரியெண்டு, புள்ளிக்கு முன்னுக்கு நிக்கிறது அடி, பின்னுக்கு நிக்கிறது அங்குலம் எண்டு மெசினுக்குச் சொல்லி வைச்சிட்டினம்.

இப்ப பாருங்கோ. முப்பத்தொரு அடி பத்து அங்குலத்தை எப்பிடி எழுதுவியள்? முப்பத்தொண்டு, புள்ளி, ஒண்டு, சைபர். அந்தச் சைபரை வெட்டினா? முப்பத்தொண்டு, புள்ளி, ஒண்டு. அது முப்பத்தொரு அடி ஒரு அங்குலம். ஒன்பது அங்குலம் போட்டுது.

ஓம். என்ர எடிட்டர்தான் வெட்டினது. சேவ் பண்ணேக்க, துப்பரவாக்கிறன் எண்டு. அந்தத் துண்டை நான் முதல் செய்த வேற ஒரு வேலையில இருந்து அப்பிடியே தூக்கிப் போட்டனான். அங்க அது சரி. உலகம் முழுக்க அது சரி. கணக்கில புள்ளிக்குப் பிறகு வாற கடைசிச் சைபருக்கு ஒரு பெறுமதியும் இல்லையெல்லோ. நான் சோதிச்சுப் பாக்காமல் குடுக்கேல்ல அக்கா. அஞ்சு போட்டுப் பாத்தனான், ஆறு போட்டுப் பாத்தனான், எட்டு, பதினொண்டு, எல்லாம் சரி. பன்ரெண்டு அங்குலத்துக்க பிழையாப் போறது பத்து ஒண்டு மட்டும்தான். அந்த ஒண்டைத்தான் போட்டுப் பாக்கேல்ல. வயல்காரன்ர பிள்ளை நான். அப்பா குளத்து அளவு சொல்லச் சொல்லக் கேட்டு வளந்தனான். எண்டாலும் கதிரையில இருந்து எழுதேக்க அது புள்ளி போட்ட ஒரு இலக்கமாத்தான் தெரிஞ்சது.

ரெண்டு வரியம் ஒண்டும் நடக்கேல்ல. கதவு திறக்கிற அளவு எப்பவும் முப்பத்தொரு அடி ஆறு அங்குலம். போன மாசம் கமக்காரர் கூட்டத்தில, இன்னும் நாலு அங்குலம் கூடத் தேக்கித் தாங்கோ, பிந்தி விதைச்ச வயலுக்குக் காணாது எண்டு கேட்டவை. ஒபிசில ஓமெண்டிட்டினம். நாலு கூட்டினாப் பத்து. அண்டு பின்னேரம் நடராசா அண்ணை பைலைத் திறந்து அடிச்சார். புது அளவை மெசின் விடிய ஆறு மணிக்குத்தான் எடுக்கும். அவர் அடிக்கேக்க தண்ணி முப்பத்தொரு அடி ரெண்டு அங்குலத்தில நிண்டது. மழையும் இப்பிடி இல்லை, தூறல்தான். அப்ப, இன்னும் எட்டு அங்குலம் கிடக்கு, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கதவு திறவாது எண்டு கணக்குப் போட்டிட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருக்கு. கதவு திறக்கப் போறதெண்டா சைரனை நம்பி இருக்கமாட்டார். முதல் நாளே சைக்கிளில போய், வாய்க்காலோரம் இருக்கிற ஒவ்வொரு வீட்டுப் படலையிலயும் மணியடிச்சுச் சொல்லுவார். சனமும் சைரனை நம்பாது, அவற்ற மணியைத்தான் நம்பும். அண்டைக்கும் போனவர். வாய்க்கால் முடக்கில பழனியாண்டி ஐயா எண்டு ஒருத்தர். அவையள் எழுபத்தேழுக் கலவரத்தோட மலைநாட்டில இருந்து வந்து அந்தக் காட்டை வெட்டிக் குடியிருந்த ஆக்கள். அவர் கேட்டிருக்கிறார், தண்ணி இறைக்கிற பம் கீழ வாய்க்காலுக்க கிடக்கு, இப்பவே இருட்டுது, விடிய எடுத்தாப் போதுமோ எண்டு. மத்தியானம் வரைக்கும் பயமில்லை, விடிய ஆறுதலா எடுங்கோ எண்டு நடராசா அண்ணை சொல்லிப்போட்டு வந்திட்டார்.

ஆறு மணிக்கு மெசின் பைலை வாசிச்சுது. அளவு முப்பத்தொரு அடி ஒரு அங்குலம் எண்டு கிடக்கு. தண்ணி அதுக்கும் மேல, முப்பத்தொரு அடி மூண்டு அங்குலத்தில நிக்குது. அளவைத் தாண்டி நிண்டா அது ஒண்டொண்டாத் திறக்காது அக்கா, ஆபத்தெண்டு நினைச்சு நாலு கதவையும் ஒரேயடியா முழுக்கத் திறக்கும். சைரன் அடிக்கிற அளவு எப்பவோ தாண்டிப்போச்சு, அதால சைரனும் அடிக்கேல்ல. நடராசா அண்ணை வீட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டவராம். சத்தத்தைக் கேட்டுக் கோப்பையைப் போட்டிட்டு ஓடினவர்.

பழனியாண்டி ஐயாவை அடுத்த நாள் ரெண்டு மைல் கட்டைக்கு அங்கால ஒரு மதகுக்க எடுத்தவை. பம்முக்குக் கட்ட எண்டு கொண்டுபோன கயிறு கையில சுத்தினபடியே இருந்தது.

செத்த வீட்டுக்கு நானும் போனனான். அந்த ஒபிசுக்காரரோட. பேச்சியம்மா, அவற்ற மனுசி, அழேல்ல. வாற ஆக்கள் எல்லாருக்கும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தவா. நடராசாவின்ர சொல்லை நம்பித்தான் இறங்கினவர், வேற ஆர் சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்கமாட்டார். நடராசா அண்ணை வேலிக்கு வெளியில மழைக்க நிண்டவர். உள்ளுக்க வர விடேல்ல. நான் பந்தலுக்க கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சனான்.

எனக்கு எப்ப தெரியவந்தது எண்டோ கேக்கிறியள்? அண்டைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். சம்பவம் நடந்த அண்டைக்கு. ஒபிசில இருந்து பைலைப் படமெடுத்து அனுப்பினவை, பாருங்கோ தம்பி, மனுசன் பத்துக்குப் பதிலா ஒண்டை அடிச்சுவைச்சிருக்கு எண்டு. பாத்தவுடன வீட்டில இருந்து என்ர எடிட்டரில பத்து அடிச்சு சேவ் பண்ணிப் பாத்தன். சைபர் போச்சு. திரும்ப அடிச்சன், திரும்பப் போச்சு. ஒரு இருவது தரமாவது அடிச்சிருப்பன்.

இல்லை, வேற ஒருத்தருக்கும் தெரியாது. அவற்ற பதிவுக் கொப்பியில பத்து எண்டுதான் அவற்ற கையெழுத்தில கிடக்கு. பைலில ஒண்டு எண்டு கிடக்கு. அப்ப ரைப் பண்ணேக்கதான் பிழை விட்டிருக்கிறார், வயசு போன மனுசன், கண் தெரியாது எண்டு முடிவெடுத்திட்டினம். எடிட்டர் எண்டது ஒரு கொப்பி மாதிரி, எழுதினதை அது ஏன் மாத்தப்போகுது எண்டுதானே எவரும் நினைப்பினம். நீங்களும் அப்பிடித்தான் நினைச்சிருப்பியள்.

திருத்திறது லேசு. ரெண்டே வரி. திருத்தியும் வைச்சிருக்கிறன். ஆனா அந்தக் கொட்டிலுகளில இன்ரநெட் இல்லை, நேர போய்த்தான் மாத்தோணும். போனா ஏன் தம்பி வந்தனீ, என்னத்தை மாத்துறாய் எண்டு கேப்பினம். கொட்டிலுகள் எண்டுதான் சொன்னனான், ஓம். முதிரையடிக்குளம் மட்டுமில்லை அக்கா. நல்லாயிருக்கெண்டு ஒபிஸ்காரர் பிறகு அதையே இன்னும் ஆறு குளத்துக்குக் குடுத்திட்டினம். எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் குடுத்தவை, நானும் பெருமையா ஓமெண்டனான். இப்ப ஏழு கொட்டிலிலயும் அது இருக்கு. ஏழு பேர் இருந்து அடிக்கினம். இந்த மழைக்கு எல்லா இடமும் அளவு மாத்துவினம், மாத்தாமல் ஏலாது. ஆறு எண்டு அடிச்சாத் தப்புவினம். எட்டு எண்டாலும் தப்புவினம். ஒருத்தர் பத்து எண்டு அடிக்கோணும், அவ்வளவுதான். காலமை மூண்டு மணிக்கு எழும்பி இருந்து அதைத்தான் யோசிச்சனான், இப்ப எந்தக் கொட்டிலில ஆர் இருந்து என்ன அடிக்கினம் எண்டு.

ஓம், சொல்லத்தானே வேணும். இண்டைக்குச் சொன்னா நடராசா அண்ணையும் தப்புவார், ஏழு குளத்தையும் உடன நிப்பாட்டுவினம். நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி. எனக்கும் அது தெரியாமல் இல்லை. தெரியாமல் செய்தது எண்டு சொன்னா மன்னிப்பினம் எண்டுறதும் சரி. தெரியாமல் செய்ததுதானே, மெய்யா. அது ஒருத்தருக்கும் வாற பிழைதான்.

ஓமந்தை தாண்டிட்டம் என்ன. நீங்கள் பாக்கை எடுத்து வையுங்கோ, பஸ் ஸ்ராண்டில ஒரு நிமிசமும் நிக்கமாட்டான். மகள் குடையோட வந்து நிப்பாவோ? நல்லது.

ஜெகதீஸ்வரி அக்கா நேற்று எனக்குப் போன் எடுத்தவா. நடராசா அண்ணையின்ர மனுசி. ஏசுறதுக்கு இல்லை. தம்பி, அவர் மூண்டு நாளாச் சாப்பிடேல்ல, நாளைக்கு நீங்கள் வருவியள்தானே, நீங்கள் வந்தாச் சரி எண்டு அவர் சொல்லுறார், எண்டு சொன்னவா. வாறன் எண்டு சொன்னனான்.

இந்தா வந்திட்டுது. இறங்குங்கோ அக்கா. இல்லை, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் இறங்கேல்ல.

இல்லை, இதுதான் இடம், எனக்குத் தெரியும். அந்தக் கட்டடம் இதில இருந்து நடக்கிற தூரம்தான். என்ர ரிக்கற் கொழும்புக்கு. நாளைக்கு விடிய எனக்குச் சிங்கப்பூருக்குப் பிளைட். வேலை கிடைச்சிருக்கு. அவையளுக்கு அந்த எடிட்டர் வேலைதான் பிடிச்சுப்போச்சு, இப்பிடி ஒரு சின்ன இடத்தில இருந்து இவ்வளவு துப்பரவாச் செய்திருக்கிறியே எண்டு கேட்டவை. வீடியோவில நேர்முகம் வைச்சவை. அந்தப் பின்னேரம்தான். நடராசா அண்ணை பைலை மாத்தின அதே பின்னேரம்.

அவர் போன் எடுத்தவர், அக்கா. மூண்டு தரம் வெட்டினன், நாலாந்தரம் எடுத்தனான், எரிச்சலோட. தம்பி, நான் பத்து அடிக்கிறன், திறந்து பாத்தா ஒண்டு எண்டு நிக்குது, திருப்பித் திருப்பி அடிச்சும் அப்பிடியே நிக்குது, இது சரியோ எண்டு கேட்டவர். ரெண்டும் ஒண்டுதான் அண்ணை, யோசிக்காமல் போங்கோ எண்டு சொன்னனான். அதைக் கேட்டிட்டுத்தான் சைக்கிளை எடுத்தவர். முன்னம் நடந்த விசாரணையில அவர் அதைச் சொல்லியிருக்கிறார், பெடியனைக் கேட்டனான் எண்டு. என்னட்டை எழுத்தில கேட்டவை. மவுஸ் வேலை செய்யேல்ல எண்டுதான் எடுத்தவர், அளவைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்ல எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன். நான் இண்டைக்குப் போகாட்டி அந்தக் கடிதத்தை வாசிப்பினம்.

இறங்குங்கோ அக்கா, பஸ் எடுக்கப் போறான். படி ஈரம், பாத்து.